எண்ணும் எல்லையும்

உலகில் மக்களுக்கு நேரும் துன்பங்களுள் கொள்ளைநோய் தனித்தன்மை வாய்ந்தது. பஞ்சம் வந்தால் பஞ்சத்திற்கு அஞ்சுகின்றோம். வெள்ளம் வந்தால் வெள்ளத்திற்கு அஞ்சுகின்றோம். கொள்ளைநோய் வந்தாலோ, நோய்க்கு மட்டுமன்றி, அதனைச் சுமந்திருக்கக்கூடும் என்று நாம் கருதும் மனிதனுக்கும் அஞ்சத் தொடங்குகின்றோம். இவ்வச்சத்தை வளர்ப்பன இரண்டு. ஒன்று, நாள்தோறும் வெளியாகும் நோயாளர் தொகை. மற்றொன்று, ஊருக்கும் ஊருக்கும் இடையே போக்குவரவைத் தடுத்து இடப்படும் வேலி. முன்னதை எண் என்போம். பின்னதை எல்லை என்போம். 2020ஆம் ஆண்டு முதல் நம் நாட்டை வருத்திய கொரோனாக் காலத்தில் இவ்விரண்டையும் நம் மக்கள் எவ்வாறு ஏற்றனர், அதனால் விளைந்த நன்மை தீமைகள் யாவை என்பவற்றைத் திருத்தணியை நடுவாக வைத்து ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

திருத்தணியைத் தேர்ந்தது காரணமின்றியன்று. முருகப்பெருமானின் அறுபடை வீடுகளுள் ஐந்தாவதாகப் போற்றப்பெறுவதும், 365 படிகளைக் கொண்டதுமாகிய இம்மலைக்கோயில் ஊர், எல்லை என்னும் சொல்லின் பொருளைப் பட்டறிந்த ஊராகும். மொழிவழி மாநிலங்கள் பிரிந்த காலத்தில் இது ஆந்திரத்துச் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ம. பொ. சிவஞானம் முதலியோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பின்னர், பட்டாஸ்கர் அளித்த முடிவையொட்டி, 1960 ஏப்ரல் 1ஆம் நாள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. வரைபடத்தில் கோடு இடம் மாறிற்றேயன்றி, மக்களின் வாழ்வு இரண்டாகப் பிளவுபடவில்லை. பள்ளிப்பட்டுப் பக்கத்தில் கேட்கும் தறியோசையே நகரிப் பக்கத்திலும் கேட்கின்றது. வீட்டில் தெலுங்கும் கடைத்தெருவில் தமிழும் பேசுவோர் இங்கு உளர். பெண் கொடுத்தலும் கொள்ளுதலும் கோட்டைக் கேட்டு நிகழ்வனவல்ல. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து வருவோருள் ஆந்திரத்தார் ஒரு பெருந்தொகையினர்.

வடக்கே மாநில எல்லை இருப்பது போலத் தெற்கே மாவட்ட எல்லையும் அணித்தே உளது. ஏறக்குறைய 13 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அரக்கோணம் சந்திப்பு ராணிப்பேட்டை மாவட்டத்தைச் சேர்ந்தது. திருத்தணியோ திருவள்ளூர் மாவட்டத்தது. ஆகவே, எல்லையென்று ஒன்று மூடப்படுமாயின், இவ்வூரார் வடக்கே செல்லவும் தெற்கே செல்லவும் ஒருவர் அனுமதியை எதிர்நோக்க வேண்டியவராவர். எல்லைத் தடையின் தன்மையை ஆராய இதனினும் தக்க இடம் வேறில்லை.

இனி எண்ணைப் பற்றிக் கூறுவோம். 2020 ஜனவரி 30ஆம் நாள் கேரளத்தில் இந்தியாவின் முதல் நோயாளி கண்டறியப்பட்டார். மார்ச் 7ஆம் நாள் தமிழகத்தின் முதல் நோயாளியும் அறியப்பட்டார். மார்ச் 24 மாலை 6 மணி முதல் மாநிலத்தில் தடையுத்தரவும், மறுநாள் முதல் நாடு முழுமைக்கும் 21 நாள் ஊரடங்கும் நடைமுறைக்கு வந்தன. அது முதல், மாலை விளக்கேற்றும் வேளையில் சுகாதாரத் துறையார் வெளியிடும் தொகையை எதிர்நோக்கி வீடுதோறும் மக்கள் அமர்ந்திருந்தனர். இன்று எத்தனை, நம் மாவட்டத்தில் எத்தனை, அடுத்த மாவட்டத்தில் எத்தனை என்பதே பேச்சாயிற்று. கிரிக்கெட்டு ஆட்டத்தின் ஓட்டக் கணக்கைக் கேட்பார் போல மனிதரின் நோய்க் கணக்கைக் கேட்கும் பழக்கம் நம்மிடையே தோன்றியது.

அத்தொகையைக் கேட்ட மக்களின் மனநிலை நால்வகைப்பட்டது எனலாம். முதலாவது திகில். மார்ச் இறுதியில் மாநிலம் முழுவதற்குமான தொகை 124 மட்டுமே. அத்தொகைக்கே தெருக்கள் வெறிச்சோடின. அயலார் முகத்தை நோக்கவும் மக்கள் அஞ்சினர். இரண்டாவது பழி. டெல்லியில் நடந்த சமய மாநாடு ஒன்றிலிருந்து மீண்டோரிடையே நோய் காணப்பட்டபோது, அம்மாநாட்டைக் கனவிலும் காணாத ஒரு சமயத்தார் அனைவர்மீதும் ஐயப்பார்வை விழுந்தது. மூன்றாவது அவநம்பிக்கை. தொகை மிகுந்தால் மிகைப்படுத்துகின்றனர் என்பதும், குறைந்தால் மறைக்கின்றனர் என்பதும் ஒரே வாயினின்று வந்தன. நான்காவது மரப்பு. ஜூலை 27ஆம் நாள் ஒரே நாளில் 6,993 பேருக்கு நோய் கண்டது. 124க்குக் கதவைச் சாத்தியவர்கள் 6,993க்குக் கடைத்தெருவில் நெருங்கி நின்றனர். தொகை ஏற ஏற அச்சம் இறங்கிற்று. எண் தானாக மனிதனை எச்சரிக்க வல்லதன்று என்பதும், அதன் பொருளை அறிந்தோருக்கே அது பயன்படும் என்பதும் இதனால் விளங்கும்.

அப்பொருள் யாது? ஒரு மாவட்டத்தின் தொகை, அங்கு நோய் எவ்வளவு உளது என்பதை மட்டும் காட்டுவதன்று. அங்கு எத்தனை பேரைச் சோதித்தனர் என்பதையும் காட்டுவது. சோதித்தால் தெரியும், சோதியாவிடின் தெரியாது. தெரியாத ஊரைத் தூய ஊர் என்றும், தெரிந்த ஊரைத் தீட்டுப்பட்ட ஊர் என்றும் கருதுவது அறிவுடைமையாகாது. மேலும், மாவட்டம் என்பது ஆட்சி வசதிக்காக வகுத்த பரப்பேயன்றி நோய் வகுத்த பரப்பன்று. திருவள்ளூர் மாவட்டத்தின் ஒரு கோடியில் ஆவடியும் பூந்தமல்லியும் சென்னை மாநகரோடு ஒட்டிக்கிடக்கின்றன; மறுகோடியில் திருத்தணியும் பள்ளிப்பட்டும் மலைகளையும் வயல்களையும் நோக்கி நிற்கின்றன. மாநகரை ஒட்டிய பகுதிகளில் பெருகிய நோய், மாவட்டத் தொகையாகத் திரண்டு, அவ்விடங்களைக் கண்டறியாத தறிகாரன் தலைமீதும் விழுந்தது. 'திருவள்ளூர் மாவட்டத்தான்' என்ற ஒரு சொல்லே அவனை வெளியூரில் தள்ளி நிறுத்தப் போதுமானதாயிற்று.

2020 ஏப்ரல் 30ஆம் நாள் நடுவண் அரசாங்கத்தார் மாவட்டங்களைச் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை என மூன்று நிறங்களாக வகுத்தனர். அப்பட்டியலில் திருவள்ளூர் சிவப்பு; ராணிப்பேட்டை சிவப்பு; வேலூர் சிவப்பு; ஆந்திரத்துச் சித்தூரும் சிவப்பே. ஒரே நிறம் பூசப்பெற்ற நான்கு மாவட்டங்களும் ஒன்றையொன்று கண்டு அஞ்சின என்பது எண்ணத்தக்கது. சிவப்பைக் கண்டு பச்சை அஞ்சுவதற்கேனும் ஒரு நியாயம் கூறலாம். சிவப்பைக் கண்டு சிவப்பு அஞ்சுவதற்கு யாது நியாயம்?

இவ்வச்சம் எவ்வளவு தூரம் சென்றது என்பதற்கு அவ்வாரத்து நிகழ்ச்சி ஒன்று சான்று. ஏப்ரல் இறுதியில், வேலூர் மாவட்ட நிர்வாகத்தார், குடியாத்தத்தை அடுத்த சைனகுண்டா முதலிய இடங்களில் சித்தூருக்குச் செல்லும் சாலைகளின் குறுக்கே கற்களை அடுக்கிச் சுவரே எழுப்பிவிட்டனர். சித்தூர்ப் பக்கத்தில் நோய் பெருகுகின்றது என்பதே அதற்குக் காரணமாகக் கொள்ளப்பட்டது. எல்லையோரத்து மக்களுக்கு வைத்தியசாலை ஒரு பக்கத்தும் வீடு மற்றொரு பக்கத்தும் இருப்பதைப் பலரும் எடுத்துக் கூறினர். சுவர் சில நாட்களுக்குள் அகற்றப்பட்டது. சோதனைச் சாவடியில் ஒரு காவலர் இருப்பின், பிரசவ வேதனையோடு வரும் பெண்ணைக் கண்டு வழிவிடுவார். சுவருக்குக் கண் ஏது?

பின்னர் நிகழ்ந்ததோ இதனினும் சிந்திக்கத்தக்கது. சுவர் எழுந்து சரிந்த சில நாட்களில், சென்னைக் கோயம்பேட்டுச் சந்தையில் நோய் பெரிதும் பரவியிருப்பது வெளிப்பட்டது. மே 5ஆம் நாள் சந்தை மூடப்பட்டு, காய்கறி வாணிகம் திருவள்ளூர் மாவட்டத்துத் திருமழிசைக்கு மாறியது. கோயம்பேட்டிற்கு வந்து மீண்ட வணிகரிடத்தும் லாரி ஓட்டுநரிடத்தும் தமிழக மாவட்டங்கள் பலவற்றிலும், எல்லைக்கப்பால் சித்தூர், நெல்லூர் மாவட்டங்களிலும் நோய் காணப்பட்டது. ஏப்ரலில் நாம் சித்தூரைக் கண்டு அஞ்சினோம். மே மாதத்தில் சித்தூர் நம்மைக் கண்டு அஞ்சியது. அஞ்சுவோரும் அஞ்சப்படுவோரும் இருக்கை மாறுவதற்கு மூன்று வாரமும் ஆகவில்லை. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும் என்னும் நம் பழமொழி இத்துணை விரைவில் மெய்ப்படுவது அரிது.

எல்லை என்பது மாநிலங்களுக்கிடையே மட்டும் எழுவதன்று; தெருவுக்கும் தெருவுக்கும், வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையேயும் எழும். சென்னையில் தொகை மிகுந்த ஜூன் மாதத்தில் சொந்த ஊரை நாடிச் சென்றோரைப் பல ஊர்களில் உறவினரே வாயிலில் நிறுத்தினர். நோய் கண்ட வீடுகளின் கதவில் அறிவிப்பு ஒட்டப்பட்டது. சில வாயில்கள் தகரம் கொண்டு அடைக்கப்பட்டன. வீட்டுக் கதவில் இத்தகைய அறிவிப்பை ஒட்டுதல் உரிய அதிகாரியின் தனி ஆணையின்றிக் கூடாது என்று அவ்வாண்டு டிசம்பரில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்கு முன்பே அண்டை வீட்டார் மனத்தில் ஒட்டப்பட்ட அறிவிப்பைக் கிழிக்க எந்த மன்றத்தாலும் இயலவில்லை.

இவையெல்லாவற்றினும் கொடியது இறந்தோருக்கு இடம் மறுத்தது. 2020 ஏப்ரல் 19ஆம் நாள் சென்னையில் இந்நோயால் காலஞ்சென்ற வைத்தியர் சைமன் ஹெர்குலிஸ் அவர்களின் உடலை அடக்கம் செய்யச் சென்றோரை ஒரு கூட்டத்தார் கல்லாலும் தடியாலும் தாக்கி விரட்டினர். நள்ளிரவில் மீண்டும் அங்குச் சென்ற தோழர் வைத்தியர் ஒருவர் தம் கையாலேயே மண்ணள்ளிக் குழியை மூடி அக்கடமையை நிறைவேற்றினார். இதனைக் கேட்டு நாடு நாணியது. அடக்கத்தைத் தடுப்போருக்கு மூன்றாண்டு வரை சிறையென அம்மாதத்திலேயே மாநில அரசாங்கத்தார் சட்டமும் செய்தனர். பிறர் நோயைத் தீர்க்க முயன்று அந்நோய்க்கே இரையான ஒருவருக்கு ஆறடி மண் தர மறுத்தவர்களும் நம்மைப் போன்ற குடும்பத்தினரே; பிள்ளை குட்டிகளைக் காக்கவே தடியெடுத்ததாக அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். அறியாமையோடு கூடிய அச்சம் நல்லவனையும் கொடியவனாக்கும் என்பது இதனால் தெளிவு.

இத்தகைய நடத்தையால் விளையும் கேடு அறத்தைப் பற்றியது மட்டுமன்று, சுகாதாரத்தையும் பற்றியது. நோய் வெளிப்பட்டால் வீட்டுக்கு முத்திரையும், தெருவுக்கு வேலியும், ஊருக்குப் பழியும் வருமென்று அறிந்தவன் காய்ச்சலை மறைப்பான். சோதனைக்கு வரமாட்டான், வந்தாலும் தவறான முகவரி தருவான். ஆகவே, எண்ணைக் கொண்டு மனிதரைத் தண்டிப்போமாயின், முதலில் சாவது அவ்வெண்ணின் உண்மையே. எண் பொய்த்தபின் அதனை நம்பி இடும் வேலியும் பொய்த்துப்போம்.

ஊர்களிடத்தில் காணப்படும் இவ்வுண்மை நாடுகளிடத்தும் காணப்படுவதே. 2021 நவம்பரில், தென்னாப்பிரிக்காவிலுள்ள ஆராய்ச்சியாளர் நோய்க்கிருமியின் புதியதொரு வகையைக் கண்டு, காலந்தாழ்த்தாது உலகுக்கு அறிவித்தனர். 26ஆம் நாள் உலகச் சுகாதார நிறுவனம் அதற்கு ஒமைக்ரான் எனப் பெயரிட்டது. பல நாடுகள் உடனே செய்தது யாதெனில், ஆப்பிரிக்காவின் தென்பகுதி நாடுகளிலிருந்து வரும் வானூர்திகளைத் தடுத்ததே. சில நாட்களில் நெதர்லாந்து நாட்டார் தம்மிடம் இருந்த பழைய மாதிரிகளைச் சோதித்தபோது, நவம்பர் 19ஆம் நாளிலேயே அவ்வகை தம் நாட்டில் இருந்ததைக் கண்டனர். கதவைச் சாத்தியபோது விருந்தாளி ஏற்கெனவே உள்ளே இருந்தார். உண்மையை முதலிற் கூறியவர் தண்டனை பெறுவராயின், அடுத்த முறை யார் முதலிற் கூறுவர்?

அங்ஙனமாயின் தடைகளே வேண்டா என்று நாம் கூறுகின்றோமோ எனில், அன்று. 2020இல் நோய்க்குத் தடுப்பூசி இல்லை. 2021 ஜனவரி 16ஆம் நாளன்றே நம் நாட்டில் ஊசி இடுதல் தொடங்கியது. வைத்தியசாலைகளில் படுக்கையும் பிராணவாயுவும் போதுமான அளவில் ஆயத்தமாகும் வரை மக்கள் கூடுவதையும் அலைவதையும் குறைப்பது இன்றியமையாததாயிற்று. 2021 மே 21ஆம் நாள் தமிழகத்தில் ஒரே நாளில் 36,184 பேருக்கு நோய் கண்டபோது, பிராணவாயு வேண்டி ஊர்திகளிலேயே நோயாளர் காத்துக்கிடந்த கொடுமையை நாம் மறக்கவில்லை. இம்மாநிலத்தில் இந்நோய்க்கு இரையானோராகப் பதிவானவர் 38,000க்கு மேற்பட்டவர். இதனைக் கண்ட பின்னும் கட்டுப்பாடு வீண் என்பார் உளராயின் அவரோடு வாதிடுவது வீண். நம் கேள்வி தடை வேண்டுமா வேண்டாவா என்பதன்று. எத்தகைய தடையை மக்கள் மனமுவந்து ஏற்பர் என்பதே.

இதற்குத் திருத்தணியிலேயே விடை உளது. ஆடிக் கிருத்திகை இவ்வூரின் பெருவிழா. இலட்சக்கணக்கானோர் காவடியோடு கூடும் நாள். 2020ஆம் ஆண்டிலும் 2021ஆம் ஆண்டிலும் அவ்விழா பக்தர் கூட்டமின்றியே கழிந்தது. ஆண்டு முழுதும் நேர்ந்து காத்திருந்தோருக்கு அது சிறிய இழப்பன்று. அவ்விழாவை நம்பி வாழும் பூக்கடைக்காரருக்கும், பூசைப்பொருள் விற்போருக்கும், முடியெடுப்போருக்கும், ஆட்டோ ஓட்டுவோருக்கும் அது வயிற்றுப்பாடு. ஆயினும் அவ்வருத்தம் பகையாக மாறவில்லை. காரணம் யாது? கதவு அனைவருக்கும் ஒருங்கே மூடியிருந்தது. தமிழனுக்கு மூடி ஆந்திரனுக்குத் திறக்கவில்லை. செல்வனுக்குத் திறந்து ஏழைக்கு மூடவில்லை. மூடியதன் காரணமும் யாவர்க்கும் விளங்கிற்று.

இதனோடு இ-பாஸ் என்னும் அனுமதிச் சீட்டை ஒப்பிட்டு நோக்குக. மாவட்டம் விட்டு மாவட்டம் செல்ல அச்சீட்டு வேண்டியிருந்தது. 2020 ஜூனில் மாநிலத்தை 8 மண்டலங்களாக வகுத்து, மண்டலத்திற்குள் சீட்டின்றிச் செல்லலாம் என்று அரசாங்கத்தார் தளர்த்தியபோதும், திருத்தணியும் அரக்கோணமும் வெவ்வேறு மண்டலங்களில் அமைந்தன. அண்மையிலுள்ள ரயில் சந்திப்புக்குச் செல்லச் சீட்டு வேண்டும். அதனினும் பன்மடங்கு தொலைவிலுள்ள செங்கற்பட்டுக்குச் செல்ல வேண்டா. திருமணம், மரணம், அவசர வைத்தியம் என்னும் காரணங்களுக்கே சீட்டுக் கிடைக்கும். கூலிக்குச் செல்வது காரணமாகாது. கைப்பேசியும் கணினியும் கையாளத் தெரிந்தவன் பெற்றான், தெரியாதவன் நின்றான். இடைத்தரகர் தோன்றினர், பணம் பெற்றுச் சீட்டு வாங்கிக் கொடுத்தோர் கைதான செய்திகளும் வந்தன. முடிவில் ஆகஸ்டு 17 முதல் விண்ணப்பித்தோர் அனைவருக்கும் சீட்டு வழங்கப்பட்டது. செப்டம்பர் 1 முதல் மாநிலத்திற்குள் சீட்டே தேவையில்லை என்றாயிற்று. கோயிற் கதவு மூடியதைப் பொறுத்த மக்கள் சீட்டு முறையைப் பொறுக்கவில்லை. அவர்கள் வெறுத்தது தடையையன்று, ஓரவஞ்சனையையே.

ஆதலின், இனியொரு கொள்ளைநோய் வருமாயின் கொள்ளத்தக்க நெறிகள் சிலவற்றை நாம் துணிந்து கூறுகின்றோம்.

முதலாவது, தொகையை அறிவிப்போர், சோதித்தோர் எத்தனை பேர், அவ்விடத்து மக்கட்டொகை எவ்வளவு என்பவற்றையும் உடன் அறிவிக்க வேண்டும். மாவட்டமாகத் திரட்டாது, நகரமும் ஊராட்சி ஒன்றியமுமாகப் பிரித்துக் காட்ட வேண்டும். 2020 ஜூன் 19ஆம் நாள் தொடங்கிய கடும் ஊரடங்கு, திருவள்ளூர் மாவட்டம் முழுமைக்குமன்றி, சென்னைக் காவல் எல்லைக்குட்பட்ட பகுதிகளுக்கும் திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, மீஞ்சூர் ஆகிய ஊர்களுக்கும் மட்டுமே இடப்பட்டது. நோயுள்ள இடத்தை மட்டும் வளைக்க இயலும் என்பதற்கு அதுவே சான்று.

இரண்டாவது, எல்லைத் தடை இருபுறத்து அதிகாரிகளும் கலந்து செய்வதாக இருத்தல் வேண்டும். ஒருபுறத்தார் எழுப்பும் சுவர் மறுபுறத்தாருக்கு அவமதிப்பாகும்; இருபுறத்தாரும் கூடி அமைக்கும் சாவடி இருவருக்கும் காவலாகும்.

மூன்றாவது, நிறுத்தப்படுவோருக்குச் சோறும் நிழலும் நிறுத்துவோர் பொறுப்பாதல் வேண்டும். 2020 மே மாதத்தில் சென்னைப் பக்கத்துத் தொழிற்சாலைகளிலிருந்து வடநாட்டுத் தொழிலாளர் கும்மிடிப்பூண்டி வழியே ஆந்திரத்தை நோக்கிக் கொளுத்தும் வெயிலிற் கால்நடையாகச் சென்றது, தடையை இட்டோர் உணவை எண்ணாமையின் விளைவேயாகும்.

நான்காவது, நோயாளியின் பெயரும் வீடும் வைத்தியத்துறையோடு நிற்க வேண்டும். அவை தெருவுக்கு வரின் நோயாளி தெருவை விட்டு மறைவான்.

ஐந்தாவது, எண்ணில் பிழை நேரின் அரசாங்கத்தார் அதனை வெளிப்படையாகத் திருத்த வேண்டும். 2020 ஜூலை 22ஆம் நாள், சென்னையில் முன்னர்க் கணக்கில் சேராதிருந்த 444 மரணங்களைக் குழுவொன்றன் ஆய்வின் பின் அரசாங்கத்தாரே சேர்த்து அறிவித்தனர். முன்னரே சேர்த்திருக்கலாகாதா என்பது நியாயமான கேள்வி. ஆயினும் சேர்த்தது நன்றே. அந்த 444 என்பது எண்ணன்று. 444 வீடுகளில் அணைந்த விளக்கு. கணக்கிற் சேர்வது இறந்தோருக்கு நாடு செய்யும் குறைந்தபட்ச மரியாதையாகும்.

இவையெல்லாம் ஆள்வோர் கடமை. கற்றோராகிய நம் கடமை இன்னும் எளியது; ஆயினும் அரியது. ஒரு தொகையைக் கேட்டவுடன் 'எந்த ஊர்?' என்று வினவுவதற்கு முன், 'அவர்களுக்கு யாது வேண்டும்?' என்று வினவப் பழகுதல் வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த வதந்தியை மற்றொருவருக்கு அனுப்புமுன், அதில் பழி சுமத்தப்பட்ட ஊர் நம் ஊராயின் எப்படியிருக்கும் என ஒரு கணம் நினைத்தல் வேண்டும். நம் கலாசாலைகளிற் கணிதம் கற்பிக்கின்றனர். விகிதமும் சராசரியும் தேர்வுக்கு மட்டுமல்ல, அயலானைத் தவறாக எண்ணாதிருப்பதற்கும் பயன்படுவன என்பதை மாணவர் உணர்தல் வேண்டும்.

எண் ஒரு விளக்கு. இருளில் விழுந்து கிடப்போன் எங்குளன் என்று காட்டி, அவனிடம் நம்மை அழைத்துச் செல்வது அதன் பணி. அவ்விளக்கைக் கொண்டே அவன் வீட்டுக்குத் தீவைக்கத் துணிவோமாயின், அடுத்தவன் தன் விளக்கை அணைத்துவிட்டு இருளிலேயே கிடப்பான். இருளில் வளர்வது நோய். திருத்தணிக்கும் நகரிக்கும் இடையே மனிதர் இட்ட கோடு 1960இல் இடம் மாறியது. இன்னும் எத்தனை முறை மாறினும் மாறுக. அக்கோட்டின் இருபுறத்தும் காய்ச்சலுற்றவன் கேட்பது ஒரு குவளை வெந்நீரே. அதனைத் தமிழிற் கேட்டாலும் தெலுங்கிற் கேட்டாலும் தயங்காது கொடுக்கும் கை நம்மிடம் இருக்குமாயின், இனி வரும் நோய் எதுவாயினும் அதனை நாம் வெல்வோம் என்பது திண்ணம்.